சிவப்பு முள் தெற்கே நின்றால்: காம்பஸுக்குச் சில குறிப்புகள்

போன ஜனவரியில் என் அக்கா மகன் நண்பர்களோடு மலையேறக் கிளம்பினான். முதுகுப்பை, டார்ச், ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில் எல்லாம் கூடத்தில் பரப்பிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கிடந்த காம்பஸைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசல். வாசற்படியில் தெருவைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. காம்பஸின் சிவப்பு முனையோ வலது கைப் பக்கம் போய் நின்றது. தட்டிப் பார்த்தேன், சுழற்றிப் பார்த்தேன், படியிறங்கித் தெருவுக்கே போய்ப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வலது பக்கம்தான்.

முள் கொஞ்சமும் தடுமாறவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. கடிகாரம் கெட்டால் நின்றுவிடும், பார்த்ததும் தெரியும். துருவம் மாறிய காம்பஸ் அப்படியில்லை. நல்ல காம்பஸைப் போலவே சீராக ஆடி, சீராக அடங்கி, தெற்கை வடக்கென்று காட்டும். வெயிலடிக்கும் ஊரில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். மூடுபனி இறங்கிய சோலைக்காட்டில், சூரியனும் தெரியாமல் எதிர்மலையும் தெரியாமல் நிற்பவர் அந்த முள்ளை நம்பித்தான் நடப்பார்.

நல்லவேளை, இது வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு. பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யவும் முடியும்.

1. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் காம்பஸை வாசலில் வைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் திசை தெரியாதவர்கள் குறைவு. எந்த அறை எந்த மூலை என்பது வீடு கட்டும்போதே பேசி முடிவானது. கிழக்கு பார்த்து நின்றால் இடது கை வடக்கு; இந்த ஒன்று போதும். பீரோ, இரும்புக் கட்டில், கிரில் கேட், மோட்டார் பைக் இவற்றிலிருந்து நன்றாக விலகி நின்று பாருங்கள். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி இருப்பதால் மொட்டைமாடியைவிடத் திறந்த மண் தரை நல்லது.

2. முதலில் எந்த முனை வடக்குக்கு உரியது என்று தெரிந்துகொள்ளுங்கள். மலையேறுவோர் வைத்திருக்கும் தட்டையான பிளாஸ்டிக் காம்பஸ்களில் பெரும்பாலும் சிவப்பு முனைதான் வடக்கு. சிலவற்றில் பச்சை ஒளிப்பூச்சு அடையாளம் இருக்கும். வாங்கிய அன்றே அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதி உறையில் போட்டு வைத்தால், பிறகு யார் எடுத்தாலும் குழப்பம் வராது.

3. பழக்கமில்லாத ஊரில் சோதிக்க வேண்டுமானால் சூரியன் துணை. ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. “நடுப்பகலில் நிழல் வடக்கே விழும்” என்று பல வெளிநாட்டுக் கையேடுகளில் எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. நம் ஊரில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும்; நிழல் தெற்கே விழும். கோடை விடுமுறையில் மலைக்குப் போகிறவர் இதைத் தெரியாமல் நல்ல காம்பஸைக் கெட்டதென்று நினைக்கலாம். அதைவிட மோசம், கெட்டதை நல்லதென்று நம்பிவிடுவது.

எந்த மாதத்திலும் பொய்க்காத வழி குச்சி நிழல். சமதரையில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வையுங்கள். 15, 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. முதல் கல் இடது பக்கமும் இரண்டாவது கல் வலது பக்கமும் இருக்கும்படி நின்றால் நீங்கள் பார்ப்பது வடக்கு. துல்லியம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் நாம் தேடுவது நேர் எதிர்த்திசையில் நிற்கும் தவறு. அதைப் பிடிக்க இது தாராளம்.

4. இரவில் துருவ நட்சத்திரம். அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய நம் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை உயரத்தில் நிற்கும். கன்னியாகுமரியில் 8 டிகிரி, சென்னையில் 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அவ்வளவு தாழ்வாக இருப்பதால் மலையோ மரமோ எளிதில் மறைத்துவிடும். அது மறைந்திருந்தால், குளிர்காலத்தில் திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பாருங்கள். அவை கிட்டத்தட்ட நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும்.

5. முழுக்கத் தலைகீழான முள்ளைவிட அரைகுறையாகக் காந்தம் இழந்த முள் இன்னும் ஆபத்து. காம்பஸைத் தரையில் வைத்து, ஒரு இரும்புச் சாவியைப் பக்கத்தில் கொண்டுவந்து முள்ளை இழுத்துவிட்டுச் சாவியைத் தூரமாக எடுத்துவிடுங்கள். நல்ல முள் சில விநாடிகளில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஐந்து முறை செய்யுங்கள், வலமாக இழுத்தும் இடமாக இழுத்தும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றாலோ, சோம்பலாக ஊர்ந்து வந்தாலோ முள்ளின் காந்தம் வலுவிழந்திருக்கிறது. இதற்கும் கீழே சொல்லும் வைத்தியமேதான். எவர்சில்வர் கரண்டியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பல எவர்சில்வர் வகைகளில் காந்தம் ஒட்டுவதே இல்லை.

6. வேறு கோளாறுகளைத் துருவ மாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் பாறையே முள்ளை இழுக்கும். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையில் மேக்னடைட் என்கிற இரும்புத் தாது நிறைய உண்டு. அதுபோன்ற பாறையின் மேல் காம்பஸை வைத்தால் திசை விலகும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள கூலின் மலைகளும் இதற்குப் பெயர் போனவை. நூறு அடி தள்ளிப்போய், காம்பஸைத் தரையில் வைக்காமல் இடுப்புயரத்தில் பிடித்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் முள் மாறினால் குற்றம் பாறையில். எங்கே போனாலும் தவறாமல் எதிர்த்திசையே காட்டினால் குற்றம் முள்ளில்.

இன்னொன்று, வெளிநாட்டில் வாங்கிவந்த காம்பஸ். ஐரோப்பாவில் பூமியின் காந்த விசை முள்ளின் வடமுனையைக் கீழ்நோக்கி இழுக்கும். அதை ஈடுகட்டத் தென்பக்கம் சிறு எடை சேர்த்துச் செய்வார்கள். முள் எந்தப் பக்கமும் தாழாமல் நிற்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் செல்கிறது. இங்கே அந்த இழுப்பு மிகக் குறைவு. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இந்த நடுக்கோட்டை ஆராயத்தான். ஆகவே அந்த ஐரோப்பியக் காம்பஸ் இங்கே தென்முனை தாழ்ந்து, அடிப்பாகத்தை உரசித் தடுமாறும். அதற்குக் காந்தம் தேய்த்துப் பயனில்லை. இந்தியாவுக்குரிய காந்த மண்டலத்துக்கோ எல்லா மண்டலத்துக்குமோ செய்த காம்பஸாகக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளேயிருக்கும் திரவத்தில் சின்னக் குமிழ் தெரிந்தால் பயப்பட வேண்டாம். குளிரிலும் உயரத்திலும் வரும், கீழே இறங்கினால் போய்விடும். முள்ளைத் தடுக்கும் அளவு பெரிதாகி நிலைத்துவிட்டால் கசிவு என்று பொருள்.

7. முள் ஏன் தலைகீழாகிறது? காம்பஸ் முள் என்பதே ஒரு மெல்லிய காந்தம். அதைவிட வலுவான காந்தம் அருகில் வந்தால், வந்தவர் சொல்வதைக் கேட்டு மாறிவிடும். பழைய காலத்தில் இது அபூர்வம். மின்னல் தாக்கிய கப்பல்களில் முள் தலைகீழானதை 17-ம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். 1980-களில் நியோடைமியம் காந்தம் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. தமிழகத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பொத்தான் அளவு நியோடைமியம் காந்தத்தின் முகத்தில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வலு இருக்கிறது. அது இன்று எங்கேதான் இல்லை? செல்போன் ஸ்பீக்கரில், காந்த மூடி வைத்த போன் உறையில், இயர்போன் டப்பாவில், புளூடூத் ஸ்பீக்கரில், கைப்பையின் கொக்கியில், முதுகுப்பையின் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவைக்கும் கிளிப்பில். 2020-ல் வந்த ஐபோன் 12 முதல் போனின் முதுகிலேயே காந்த வளையம் வந்துவிட்டது. மலையேறுகிறவர்கள் போனையும் காம்பஸையும் ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். பிரிட்டனில் மலை மீட்புக் குழுவினர் இதைப்பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். எங்கள் வீட்டுக் காம்பஸ் இரண்டு மாதம் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு பையின் ஒரே அறையில் கிடந்தது என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

8. சரிசெய்ய ஒரு நல்ல காந்தம் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சட்டக் காந்தம் போதும். பொத்தான் வடிவ நியோடைமியம் காந்தம் இரண்டு இருந்தால் இன்னும் வசதி. பிரிட்ஜில் ஒட்டும் ரப்பர் போன்ற காந்தம் உதவாது. அதில் வடக்கும் தெற்கும் கோடு கோடாக மாறி மாறி இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த காந்தத்துக்கும் ஒரே முகத்தில் இரண்டு துருவமும் உண்டு. வலுவானது என்பதால் கை போகும், ஆனால் குழப்பிவிடும்.

9. காந்தத்தின் எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் காம்பஸின் அருகே கொண்டுபோகவே கூடாது. சட்டக் காந்தத்தில் எழுத்து அச்சிட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அதுவும் துருவம் மாறியிருக்கலாம். நடுவில் பருத்தி நூல் கட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டு, இரும்புச் சாமான் இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஆடி ஓய்ந்தபின் தெற்கே நிற்கும் முனையில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள்.

பொத்தான் காந்தம் என்றால் நூலை நடுவில் வைத்து இரண்டு காந்தங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடுங்கள். நூல் இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும். அப்படியே தொங்கவிட்டால் ஒரு தட்டை முகம் வடக்கையும் மறுமுகம் தெற்கையும் பார்த்து நிற்கும். தெற்கே பார்த்த முகத்தில் பொட்டு. நமக்கு வேண்டியது இந்தப் பொட்டு வைத்த முகம்தான். எதிர்த் துருவங்கள் ஈர்க்கும் என்பதால், நல்ல காம்பஸின் வடக்கு முனை எப்போதும் காந்தத்தின் தென்முகத்தை நாடிவரும். நாம் செய்யப்போவது சிவப்பு முனையை அப்படி நாடிவரும்படி மாற்றுவது.

10. இனி வைத்தியம். பொறுமையாகச் செய்யுங்கள்.

காம்பஸை மேசையில் வையுங்கள்; மேசை மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். ஒரு கையால் காம்பஸைச் சற்றே செங்குத்தாகச் சாய்த்து, முள் மூடியில் உரசி ஆடாமல் நிற்கும்படி பிடியுங்கள். இந்தச் சாய்வுதான் முக்கியம். சாய்க்காமல் செய்தால், தலைகீழாயிருக்கும் சிவப்பு முனை காந்தத்தைக் கண்டு விலகி ஓடும். மறுபக்கத்து வெள்ளை முனை சுற்றிக்கொண்டு வந்து ஒட்டும். நாம் அறியாமலே தவறான முனையைத் தேய்த்துத் தவறை இன்னும் கெட்டிப்படுத்திவிடுவோம்.

பொட்டு வைத்த தென்முகத்தை முள்ளின் நடுவில், மூடிக்கு மேலே சட்டென்று வையுங்கள். அங்கிருந்து முள்ளின் நீளத்தோடு சிவப்பு நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்து, காம்பஸின் விளிம்பையும் தாண்டிக் கொண்டுபோய்த் தூக்குங்கள். திரும்பி வரும்போது காம்பஸுக்கு மேலேயே வராமல் ஒரு முழத்துக்கும் அதிகமாக விலகிச் சுற்றி வந்து மறுபடி நடுவில் வையுங்கள். ஒரே திசையில் ஐந்தாறு முறை. முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் செய்தது அழிந்துவிடும். நடுவில் முள் சுழன்றுவிட்டால் நிறுத்தி, காந்தத்தை விலக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

அழுத்தம் தேவையில்லை. முள்ளைத் தாங்கும் ஊசிமுனையும் கல்லும் மிக நுண்ணியவை. வலுவான காந்தம் கையை மீறிப் பாய்ந்து மூடியில் மோதினால் மூடி விரிசல் விடும். காந்தத்தை விரல்நுனியில் பிடிக்காமல் ஒரு மரத்துண்டில் ஒட்டிப் பிடித்தால் கட்டுப்பாடு நன்றாக இருக்கும்.

11. முடிந்ததும் காந்தத்தை அடுத்த அறையில் கொண்டுபோய் வையுங்கள். அது பக்கத்தில் இருக்கும்வரை காம்பஸ் காட்டுவது காந்தத்தின் திசையைத்தான். பிறகு முதல் குறிப்பில் சொன்ன வாசல் சோதனையும் ஐந்தாவது குறிப்பில் சொன்ன சாவி சோதனையும் செய்யுங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. எங்கள் காம்பஸுக்கு முதல் தடவையிலேயே முள் சரியானது. ஒரு வாரச் சோதனை முடியும்வரை அதை நான் பையில் போடவிடவில்லை. அந்தப் பயணத்துக்கு அக்கா மகன் தன் நண்பனின் காம்பஸோடுதான் போனான்.

12. எல்லாக் காம்பஸுக்கும் இந்த வைத்தியம் ஒத்துவராது. எண்கள் எழுதிய தட்டே சுழலும் வகைகளிலும், முள்ளும் காந்தமும் தனித்தனியாகப் பொருத்திய எல்லா மண்டல வகைகளிலும் காந்தம் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அளவையாளர்கள் வைத்திருக்கும் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் விலை கூடியது. இவற்றைத் தயாரித்தவரிடமோ சர்வே கருவி பழுதுபார்ப்பவரிடமோ கொடுப்பதே சரி. சாதாரணக் காம்பஸ்கூட இரண்டு தடவை தேய்த்தும் நிலைக்கவில்லையென்றால் புதிது வாங்கிவிடுங்கள். சந்தேகத்தோடு எடுத்துப் போகக்கூடிய சாமான் அல்ல இது.

13. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சி முள்ளைக் காந்தமாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டு மின்சாரத்தில் அதை ஒருபோதும் முயல வேண்டாம்.

14. வேலை முடிந்ததும் பொத்தான் காந்தங்களை எண்ணி எடுத்து உயரத்தில் வையுங்கள். குழந்தை ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடல் சுவரை நசுக்கித் துளைத்துவிடும். உயிருக்கே ஆபத்து, விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடட்டும்.

15. வீட்டில் காம்பஸுக்குத் தனி இடம் கொடுங்கள். டிவி அலமாரி, ஸ்பீக்கர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, சார்ஜர்கள் குவிந்த இழுப்பறை எல்லாம் வேண்டாம். மர அலமாரியில் துணிகளுக்கு இடையே வைப்பது நல்லது. இரண்டு காம்பஸ் இருந்தால் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள்.

16. பயணத்தில் போன் ஒரு பக்கம், காம்பஸ் மறுபக்கம். கழுத்தில் கயிறு கட்டி மாட்டுகிறவர்கள் பையின் நெஞ்சுப் பட்டையில் காந்தக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். திசை பார்க்கும்போது போனையும் கத்தியையும் கைநீளத்துக்கு அப்பால் வையுங்கள். அமெரிக்கப் படையின் வரைபடப் பயிற்சி நூல் உயர் அழுத்த மின்கம்பிக்கு 55 மீட்டரும், லாரிக்கு 18 மீட்டரும், முள்வேலிக்கு 10 மீட்டரும் விலகி நிற்கச் சொல்கிறது. மலையடிவாரத்தில் ஜீப்பை ஒட்டி நின்றுகொண்டே காம்பஸ் பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜீப் அருகே முள் விலகுவது தற்காலிகம், தள்ளி வந்தால் சரியாகிவிடும். காந்தம் தொட்டு மாறியதோ தானாகத் திரும்பாது.

17. குழுவாகப் போகும்போது இரண்டு காம்பஸ் வேண்டும், இரண்டும் இரண்டு பேர் பையில். ஒப்பிட்டுப் பார்க்கையில் ஒரு மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள், இல்லையென்றால் முள்ளும் முள்ளும் இழுத்துக்கொள்ளும். வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் வழிகாட்டி கூடவே வருவார். அவர் சொல்லும் வழிதான் வழி. ஆனாலும் உங்கள் கையில் உள்ள காம்பஸ் சரியாகக் காட்டுகிறதா என்பதைக் கிளம்பும் இடத்திலேயே அவரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

18. மலைமேல் போனபிறகுதான் முள் தலைகீழ் என்று தெரிந்தால்? அங்கே போன் காந்தத்தை வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். சூரியனையோ குச்சி நிழலையோ வைத்து உண்மையான வடக்கைக் கண்டுபிடியுங்கள். சாவி சோதனையில் முள் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வந்து, அது நேர் எதிர்த்திசையாகவும் இருந்தால், வெள்ளை முனையை வடக்காகக் கொண்டு நடக்கலாம். ஒரு பிளாஸ்டரில் “வெள்ளை = வடக்கு” என்று எழுதிக் காம்பஸின் மேலேயே ஒட்டுங்கள்; கூட வருபவர் எல்லாரிடமும் சொல்லுங்கள். களைத்த மனம் பழக்கத்தில் சிவப்பைத்தான் பார்க்கும். முள் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் அதை உறையில் போட்டுவிடுங்கள். வந்த வழியே, கண்ணுக்குத் தெரிந்த அடையாளங்களைப் பிடித்துத் திரும்புங்கள். பனி மூடி எதுவுமே தெரியவில்லையென்றால் விலகும்வரை அதே இடத்தில் இருங்கள்.

19. அப்பா வைத்திருந்தது, தேசிய மாணவர் படையில் இருந்தபோது வாங்கியது, பரிசாக வந்தது என்று பல வீடுகளில் ஒரு காம்பஸ் எங்கேயாவது கிடக்கும். விடுமுறை வந்தால் பிள்ளைகள் அதைத்தான் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இன்று மாலை அதை வெளியே எடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், சிவப்பு முனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று இருவருமாகப் பாருங்கள்.